யாழ்நூலின் கணக்கும் கணினியின் மெட்டும்

திருகோணமலைக் கோணேசப் பெருமான்மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையிலே புறநீர்மை என்னும் பண்ணின்கீழ் வைக்கப்பட்டிருக்கின்றது; அந்தப் பண்ணைப் பூபாள இராகத்திலே பாடுவது ஓதுவார்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். பூபாளம் விடியற்காலத்துக்குரியதென்று இசைநூலார் விதித்தனர். கீழ்க்கடலிலிருந்து கதிரவன் எழுகின்ற வேளையிலே சுவாமிமலை உச்சியில் நின்று அப்பதிகத்தைக் கேட்டவர்கள் அந்த விதியின் பொருத்தத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். சென்ற ஆண்டு, உவர்மலையில் எங்கள் அயலிலே வசிக்கும் மாணவர் ஒருவர், கணினி விஞ்ஞானம் பயில்பவர், ஒரு நாள் மாலை என்னிடம் வந்து, "சேர், பூபாளத்தில அஞ்சு சுரந்தானே, அதின்ர விதியெல்லாத்தையும் ஒழுங்கா எழுதித் தாங்கோ, மெட்டைக் கணினி கட்டித் தரும்" என்றார். அவருடைய குரலில் இருந்த நம்பிக்கை என்னைத் தொட்டது. அதன் பிறகு சில மாத காலம் நாங்கள் இருவரும் மாலை வேளைகளில் அமர்ந்து செய்துபார்த்த வேலையும், அதன் பொருட்டு நான் மீண்டும் புரட்டிய நூல்களும், அவற்றால் எனக்கு ஏற்பட்ட தீர்மானமுமே இக்கட்டுரை.

இசையைக் கணக்காக எழுதிவிடலாம் என்னும் எண்ணம் இந்த ஊருக்குப் புதியதன்று. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, மயில்வாகனன் என்னும் பிள்ளைத் திருநாமத்துடன் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும் ஒருங்கே விளங்கிய பின்னர் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்ட சுவாமி விபுலானந்தர், 1920களிலே இலங்கைக்குத் திரும்பி மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றபோது, திருகோணமலை இந்துக் கல்லூரியை வளர்க்கும் பணியிலும் தம் உழைப்பைச் செலுத்தினார். பௌதிகமும் கணிதமும் கற்பித்த அதே மனம் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனின் இலக்கணத்தைக் கூறும் பகுதியைப் பற்றிக்கொண்டது. அந்தப் பகுதியின் பொருளை அறிவதற்காகவே, வழக்கொழிந்துபோன யாழ்க்கருவிகளின் உறுப்புகளையும், நரம்புகளின் நீளத்தையும், சுரங்களின் அதிர்வு விகிதங்களையும் பல்லாண்டுக் காலம் கணித்துக் கணித்து எழுதிய நூலே யாழ்நூல். 1947 ஜூன் மாதத்திலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி சுவாமிகள் இவ்வுலக வாழ்வை நீத்தார். நிரலைத் தன் நினைவகத்திலேயே தாங்கிய முதற் கணினி இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் இயங்கியது அதற்கு ஓராண்டு கழித்து, 1948 ஜூனில். யாழ்நூலின் கணக்குகள் யாவும், ஆகவே, கையால் எழுதிக் கையால் சரிபார்க்கப்பட்டவை.

அந்தக் கணக்கின் ஆரம்பத்தைச் சற்று நின்று பார்ப்பது அவசியம்; ஏனெனில் மெட்டமைக்கும் மென்பொருள் எதுவாயினும் அதற்கு முதலிலே சுரங்களை எண்ணாக மாற்றித் தரவேண்டும், அவ்வாறு மாற்றும்போது எந்த எண்ணைத் தருகின்றோம் என்பதிலேயே பிற்பட்ட விளைவுகளிற் பெரும்பகுதி அடங்கிவிடுகின்றது. பழந்தமிழ் இசைநூல் வழக்கிலே ஏழு நரம்புகளுக்கும் அலகுகள் வகுக்கப்பட்டுள்ளன: குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2, கூட்டினால் 22. குரலைத் தொடக்கமாக வைத்து மேலேறினால் துத்தம் நான்காம் அலகிலும், கைக்கிளை ஏழிலும், உழை ஒன்பதிலும், இளி பதின்மூன்றிலும், விளரி பதினாறிலும், தாரம் பதினெட்டிலும் நின்று, இருபத்திரண்டிலே மேற்குரல் வந்துசேரும். நான்கு அலகு இடைவெளியை 9/8 என்றும், மூன்றலகை 10/9 என்றும், இரண்டலகை 16/15 என்றும் அதிர்வு விகிதமாக்கி வரிசையிலே பெருக்கிக்கொண்டு போனால், கைக்கிளை 5/4 ஆகவும், உழை 4/3 ஆகவும், இளி 3/2 ஆகவும், கடைசியில் மேற்குரல் துல்லியமாக 2 ஆகவும் அமைகின்றன. தம்புராவின் நாதத்தோடு இசைந்து காதுக்கு இதமளிக்கும் சுரங்கள் இவையே. நம் முன்னோர் வகுத்த அலகுகள், பிற்காலப் பௌதிகம் தராசிலே நிறுத்த நிறையோடு இத்தனை அணுக்கமாகப் பொருந்துவதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கும் எவருக்கும் மயிர்க்கூச்செறியும்.

இனி, கடையில் வாங்கும் இசைப்பலகையையும் அதைப் பின்பற்றிய மென்பொருள்களையும் நோக்குவோம். அவை ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக வெட்டியவை. ஒவ்வொரு பாகத்தையும் நூறு சென்ட் என்று அளப்பது வழக்கம், ஸ்தாயி முழுவதும் 1200 சென்ட். அந்த அளவிலே மேற்சொன்ன விகிதங்களை எழுதினால் துத்தம் 204, கைக்கிளை 386, உழை 498, இளி 702, விளரி 884, தாரம் 996 என்று வரும். பலகையிலோ 200, 400, 500, 700, 900, 1000. உழையிலும் இளியிலும் பேதம் இரண்டு சென்ட். அதை எந்தச் செவியும் பொருட்படுத்தாது. கைக்கிளையில் 14, விளரியில் 16 சென்ட் பேதம். தம்புராவை மீட்டிக்கொண்டு, கைக்கிளையாகிய அந்தரகாந்தாரத்தைப் பலகையில் அழுத்திப் பார்த்தால், சுரம் சற்றே உயர்ந்து உறுத்துவதைப் பயிற்சியுள்ள பாடகர் உடனே சொல்லிவிடுவார்.

ஆயினும் சமபாகக்காரருக்கும் பலமான ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது ஆய்வாளனுக்கு அழகாகாது. பழைய நூல்களிலே பாலைத் திரிபு என்றொரு முறை கூறப்படுகின்றது: ஏழு நரம்பையும் தொடாமலே, குரலாக நின்ற இடத்தை மட்டும் மாற்றி, துத்தத்தைக் குரலாக, பின்பு கைக்கிளையைக் குரலாக, இவ்வாறு ஒவ்வொன்றாகக் கொண்டால் ஏழு பாலைகள் பிறக்கும். மாணவர் பன்னிரண்டு எண்களைக் கொண்டு இதை நான்கு வரியிலே கணினிக்குச் சொன்னார். 0, 2, 4, 5, 7, 9, 10 என்ற செம்பாலை, நாம் இன்று அரிகாம்போதி என்று வழங்குவது. இரண்டாவதைக் குரலாக்கியபோது படுமலைப்பாலையாகிய நடபைரவி வந்தது. பின்னர்ப் பஞ்சமமில்லாத செவ்வழிப்பாலை, சங்கராபரணமாகிய அரும்பாலை, கரகரப்பிரியாவாகிய கோடிப்பாலை, தோடியாகிய விளரிப்பாலை, கல்யாணியாகிய மேற்செம்பாலை என்று திரையிலே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒரு நூற்றாண்டு விவாதத்துக்குப் பின்னர் அறிஞர் நிலைநாட்டிய பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் எங்கள் முன் நின்றது.

அதே காரியத்தை இருபத்திரண்டு அலகுக் கணக்கிலே செய்தபோது ஓரிடத்தில் முட்டுப்பட்டது. துத்தத்தைக் குரலாகக் கொண்டால் விளரி அதற்கு இளியாக வேண்டும். ஆனால் விளரி நிற்பது பதினாறில், துத்தம் நிற்பது நான்கில், இடையிலே பன்னிரண்டு அலகு மட்டுமே. இளிக்கு வேண்டியதோ பதின்மூன்று. சென்டிலே சொன்னால் 702 வரவேண்டிய இடத்தில் 680 தான் வருகின்றது. இந்த 22 சென்ட் குறைவைத் தீர்க்க விளரி நரம்பை ஓரலகு ஏற்றி முறுக்கவேண்டும். ஒரு பாலையிலிருந்து மற்றொரு பாலைக்குப் போகும் யாழ்ப்பாணன் நரம்பைத் திருத்திக்கொண்டு போயிருப்பான். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் தமது கருணாமிர்த சாகரத்தில் (1917) ஸ்தாயியை இருபத்து நான்கு சமபாகமாகக் கொள்ளவேண்டும் என்று அத்தனை உக்கிரமாக வாதாடியதன் காரணத்தை, இந்தக் கணக்கைத் திரையில் கண்ட அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். சமபாகத்திலே எந்தச் சுரத்தைக் குரலாக்கினாலும் வட்டம் பிசகின்றிப் பூர்த்தியாகும். விகிதத்திலே ஒவ்வொரு சுரமும் இனிமையாக நிற்கும், வட்டம் பூர்த்தியாகாது. ஒன்றைப் பெற மற்றொன்றை விடவேண்டியிருக்கிறது. இன்றைய மென்பொருள்களை எழுதியோர் பெரும்பாலும் முதலாவதை எடுத்துக்கொண்டனர். இரண்டாவது என்று ஒன்று உண்டென்பதையே அவற்றைப் பயன்படுத்தும் நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள். என் அபிப்பிராயம், ஒற்றை ஆதார சுருதியை விட்டு நீங்காத நம் சங்கீதத்துக்கு விகிதமே ஏற்றது. குரலை மாற்றும் அவசியம் நேரும்போது, யாழாசிரியன் நரம்பைத் திருத்தியதுபோலக் கணினியும் எண்ணைத் திருத்திக்கொள்ளட்டும். அவனுக்குச் சில நிமிடம் பிடித்த வேலை அதற்கு ஒரு கணத்தில் முடியும்.

மேளகர்த்தா முறையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டிலே வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளங்களும், ரிஷப காந்தாரச் சேர்க்கை ஆறு, தைவத நிஷாதச் சேர்க்கை ஆறு, மத்திமம் இரண்டு ஆகியவற்றைப் பெருக்கிய பெருக்கமே. கடபயாதி சூத்திரப்படி ஹரிகாம்போஜி என்ற பெயரின் முதலெழுத்துக்கு எட்டும் இரண்டாம் எழுத்துக்கு இரண்டும் கொண்டு, திருப்பி வாசித்தால் 28 என்று மேளத்தின் எண் கிடைக்கும். அந்த எண்ணிலிருந்து சுரங்களைக் கணித்துவிடலாம். பெயரிலேயே முகவரியைப் புதைத்துவைக்கும் இந்த உபாயத்தைக் கணினி மாணவர்கள் கேட்ட மாத்திரத்திலே விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் மேளம் வேறு, இராகம் வேறு. இராகம் வேறு, மெட்டு வேறு. இதுவரை சொன்னவை யாவும் மெட்டுக்கு வேண்டிய அரிசியும் விறகும் மட்டுமே.

மெட்டையே இயந்திரம் கட்டலாம் என்ற சிந்தனையை முதன்முதலாகத் தெளிவாக எழுதிவைத்தவர் அடா லவ்லேஸ் அம்மையார். பாபேஜ் திட்டமிட்ட கணக்குப்பொறியைப்பற்றி 1843இலே அவர் எழுதிய குறிப்புகளில், நாதங்களுக்கிடையேயுள்ள உறவுகளை அப்பொறி ஏற்கத்தக்க வடிவிலே எழுதிக்கொடுக்க முடியுமானால், அது எத்தனை விரிவான இசைகளையும் இயற்றக்கூடும் என்று கருதினார். நாதங்களுக்கிடையே உறவு என்றதும் தமிழ் வாசகருக்கு இணை, கிளை, நட்பு, பகை என்று நரம்புகளுக்கு உறவு வகுத்த பழைய இலக்கணம் நினைவுக்கு வரும். அம்மையார் நிபந்தனையாகக் கேட்டது நம்மிடம் பல நூற்றாண்டு முன்னரே ஏட்டில் இருந்தது. நிபந்தனை நிறைவேற மேற்குலகில் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலே ஹில்லர், ஐசக்சன் என்னும் இருவர் அங்கிருந்த இலியாக் கணினியைக் கொண்டு நால்வர் தந்திக்குழுவுக்கான ஓர் இசையை இயற்றி 1957இல் வெளியிட்டனர். அவர்களுடைய முறை எளிது: கணினி குருட்டாம்போக்கிலே ஒரு சுரத்தை எடுக்கும், பழைய ஐரோப்பிய இசையிலக்கண விதிகளுக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கும், பொருந்தாவிட்டால் தள்ளிவிட்டு மற்றொன்றை எடுக்கும். அவ்விசையின் கடைசிப் பகுதியிலே விதிகளைக் குறைத்து, ஒரு சுரத்தின்பின் எந்தச் சுரம் வருதல் கூடும் என்ற சம்பாவிதத்தை மட்டும் துணைக்கொண்டனர். ருஷியக் கணித மேதை மார்க்கவ், புஷ்கின் காவியத்தின் எழுத்துக்களை எண்ணி 1913இலே வெளியிட்ட முறை அதற்கு ஆதாரம்.

எங்கள் சோதனையும் இந்த வழியிலேதான் தொடங்கியது. பூபாளத்தின் ஐந்து சுரங்களாகிய ச, ரி, க, ப, த என்பவற்றை எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்தாயிக்குள்ளே எட்டுச் சுரம் கொண்ட ஒரு பிடி அமைக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். விதி எதுவுமின்றி விட்டால் 3,90,625 பிடிகள். சட்ஜத்தில் தொடங்கிச் சட்ஜத்தில் முடியவேண்டும் என்ற ஒரே விதியால் அது 15,625 ஆகிறது. ஒரு சுரத்தை அடுத்தடுத்து இரட்டிக்கக்கூடாது என்றால் 3,276. ஒரே தாவலிலே ஒரு சுரத்துக்குமேல் விட்டுப் பாயக்கூடாது என்று மூன்றாவது விதியையும் வைத்தபோது எஞ்சியவை 224. சுரங்களை ஒவ்வொரு படியாக மட்டுமே ஏறவும் இறங்கவும் விடவேண்டும் என்று ஒரு நாள் கடுமையாக விதித்துப் பார்த்தோம், ஒன்றுகூட மிஞ்சவில்லை. எட்டுச் சுரத்துக்கு இடையே ஏழு அடிகள். ஒற்றைப்படை அடிகளால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடியாது என்பது பிறகுதான் எங்களுக்குத் தோன்றியது. விதி கூடினால் இசை செம்மையாகும் என்று எண்ணியிருந்த மாணவருக்கு அந்தச் சூனியம் பெரும் பாடமாயிற்று. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவற்றைச் சலித்து இருநூற்றுச் சொச்சமாக்கும் ஆற்றல் இசை இலக்கணத்துக்கு உண்டென்பதும், அந்த இலக்கணத்தை அலுப்பின்றிப் பிரயோகிக்கும் ஆற்றல் கணினிக்கு உண்டென்பதும் எனக்குப் பிரத்தியட்சமாயின.

அந்த 224இலிருந்து இருபதைத் தெரிந்தெடுத்து, பத்திரகாளி அம்மன் கோயிற் பக்கத்திலே வசிக்கும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனோம். இளமையிலிருந்தே கோயில்களில் தேவாரம் ஓதிவருபவர், கணினியைத் தொட்டறியாதவர். முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டபின், "சுரம் பிழையில்லைத் தம்பி. ஆனா இது படிக்கட்டில இறங்கிற மாதிரியெல்லோ கிடக்கு, பாட்டெண்டால் வள்ளம் அலையில போற மாதிரிப் போகவேணும்" என்றார். பின்பு அதே ச, ரி, க என்ற மூன்று சுரத்தைத் தாமே பாடிக் காட்டினார். ரிஷபம் சட்ஜத்திலிருந்து எழுந்து தன் இடத்தைத் தொட்டும் தொடாமலும் நடுங்கியது. காந்தாரம் அதன்மேல் மெல்லச் சாய்ந்து இறங்கியது. மாணவர் அதைத் தம் கைத்தொலைபேசியிலே பதிவுசெய்து, வீட்டுக்கு வந்து, சுருதி அளக்கும் ஒரு மென்பொருளில் இட்டுப் பார்த்தார். திரையிலே மூன்று கோடுகளை எதிர்பார்த்த எங்களுக்கு ஒரு நெடிய வளைகோடு தெரிந்தது. அதில் ஓரிடத்திலாவது நேர்கோடு நிற்கவில்லை. ரிஷபம் எந்த அலகிலே நிற்கின்றது என்று நாங்கள் வாரக்கணக்காகச் செய்த விசாரணைக்கு அந்த வளைவில் இடமே இருக்கவில்லை.

கமகம் என்று ஒற்றைச் சொல்லிலே நாம் வழங்கும் இந்த அசைவுதான் காரியத்தின் உயிர்நிலை. தோடியின் காந்தாரத்தைப் பாருங்கள். ஏட்டிலே அது 'க' என்று ஓரெழுத்து. பாட்டிலே அது சுத்தரிஷபத்துக்கும் சுத்தமத்திமத்துக்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கும் ஓர் இயக்கம். ஏறத்தாழ 100 சென்டிலிருந்து 500 சென்ட் வரை அதன் ஆட்சி. மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள 1983 முதல் உலகெங்கும் பயிலும் மிடி என்னும் முறையிலே சுரத்தை 128 எண்களுள் ஒன்றாகத்தான் சொல்லலாம். சுரத்தை வளைப்பதற்கென்று தனியான ஒரு கட்டளையும் அதிலுண்டு, அதற்கு 16,384 படிகள். வழக்கமான அமைப்பிலே அந்த வளைவு மேலே இருநூறு சென்ட், கீழே இருநூறு சென்ட் போகும். 300இல் நிற்கும் சாதாரண காந்தாரத்தை மையமாகக் கொண்டால் 100 முதல் 500 வரை, அதாவது தோடிக் காந்தாரத்தின் ஆட்சி எல்லை முழுவதும், அந்த வளைவுக்குள் அச்சொட்டாக அடங்குகின்றது. ஆகவே கருவியில் இடமில்லை என்ற சாக்குப்போக்குக்கு ஆதாரமில்லை. எப்போது வளைவது, எவ்வளவு வேகத்தில் வளைவது, எங்கே தங்குவது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் இலக்கணத்தைத்தான் நாம் இன்னும் எழுதிக்கொடுக்கவில்லை.

எழுதத் தொடங்கியவர்கள் உண்டு. அவர்களுடைய உழைப்பு நம் மக்களிடையே போதிய அளவு அறியப்படவில்லை என்பது எனது ஆதங்கம். சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன், கர்நாடக சங்கீதச் சுரக்குறிப்பை எழுதிக்கொடுத்தால் கமகத்தோடு இசைக்கும் காயகா என்னும் மென்பொருளை ஆக்கி, கணினியிலே கர்நாடக இசையை உண்டாக்கும் முறைபற்றி 1999இல் சங்கீத நாடக அகாதமியின் ஆய்விதழிலே கட்டுரை வரைந்தார். தோடி இராகத்துச் சுரங்களின் அசைவை அளந்து பின்னர் மற்றொரு கட்டுரையும் எழுதினார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலே ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வு, சகானா இராகத்து வர்ணம் ஒன்றின் வீணை வாசிப்பை எடுத்து ஆராய்ந்து, கமகத்தை மெதுவாக இடம்பெயரும் ஒரு நிலை என்றும், அதன்மேல் நிகழும் விரைவான ஓர் ஆட்டம் என்றும் இரு கூறாகப் பிரித்தது. முதியவர் கூறிய வள்ளமும் அலையும் அந்த இரு கூறுகளேயாம் என்று எனக்குப் பட்டது. பார்சலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்திலே சாவியேர் செர்ராவின் தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம், சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்களின் கூட்டுறவோடு, கர்நாடக இசைப் பதிவுகளை இராகம், தாளம் முதலிய விவரங்களோடு திரட்டி ஆராய்ந்தது. இவர்களெல்லாரும் விபுலானந்தர் சென்ற வழியிலேயே சென்றிருக்கின்றனர்: முதலில் தம் இசையை அளந்தனர், பிறகுதான் இயந்திரத்துக்கு ஆணையிட்டனர்.

அளக்காமல் ஆணையிடும் வழி ஒன்றும் இன்று பெருவழக்காகியிருக்கின்றது. இரண்டு வரியில் இன்ன பாட்டு வேண்டுமென்று எழுதிக்கொடுத்தால், இலட்சக்கணக்கான ஒலிப்பதிவுகளை விழுங்கிப் பழகிய மென்பொருள், பாடலும் வாத்தியமும் கூடிய முழுப்பாட்டைச் சில விநாடியில் தந்துவிடுகின்றது. திரையிசையில் கணினியைக் கையாள்வது நமக்குப் பழக்கமானதே. 1986இல் வந்த புன்னகை மன்னன் இசையிலேயே அதன் கைவண்ணம் இருந்தது. அங்கே மெட்டைச் சிருஷ்டித்த மனம் மனிதருடையது. கணினி ஏவற்படி வாசித்தது. புதிய மென்பொருளோ மெட்டையே தருகின்றது. புறநீர்மைப் பண்ணில் ஒரு மெட்டு வேண்டுமென்று தமிழிலேயே அத்தகைய ஒன்றைக் கேட்டோம். வந்தது கேட்க இனிமையான மெல்லிசை. அதில் ஐந்து சுரத்துக்குப் புறம்பான சுரங்கள் தாராளமாக நடமாடின. அதைக் குறைகூறுவதிற் பயனில்லை. பண்ணோடு பாடப்பட்ட தேவாரம் அது விழுங்கிய ஒலிப்பதிவுகளுள் எள்ளளவே இருந்திருக்கும். எள்ளளவு விதைத்த இடத்தில் வேறு என்ன விளையும்? கையிலே விதிகளும் அளவுகளும் இருந்தால் பதிவுகள் குறைவாயிருந்தும் நல்ல பயன் காணலாம் என்பதற்கு எங்கள் 224 பிடிகளே எனக்குச் சாட்சி. பழுதில்லாத எலும்புக்கூடு அங்கே கிடைத்தது. அதற்குத் தசை பூட்டும் வேலை மிஞ்சியிருந்தது.

அந்த வேலையிலும் ஒரு படி நாங்கள் முன்னேறினோம் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். முதியவர் பாடித் தந்த சிறு பிடிகளை ஏறக்குறைய நாற்பது அளவில் பதிவுசெய்து, ரிஷபத்துக்கு மேலிருந்து வரும்போது என்ன வளைவு, கீழிருந்து வரும்போது என்ன வளைவு, பஞ்சமத்திலே தங்குமுன் தைவதத்தை எப்படித் தீண்டுவது என்று தனித்தனியாக எழுதிக்கொண்டு, அந்த வளைவுகளை மாணவர் தமது நிரலிலே ஏற்றினார். சுரவரிசையைக் கணினி தானே அமைத்தது. வளைவை முதியவரிடமிருந்து பெற்ற பட்டியலிலிருந்து எடுத்துப் பூட்டியது. இரண்டாம் முறை கேட்டபோது, இருபதிலே மூன்றை மறுபடியும் போடச் சொன்னார். மூன்றில் ஒன்றைத் தாமே வாங்கிப் பாடி, அதன் ஈற்றிலே கணினி நிறுத்திய இடத்துக்குச் சற்றுமுன் நிறுத்தி, "இப்படி விட்டால் அடுத்த அடியை எடுக்கலாம்" என்றார். மெட்டின் ஈறு அடுத்த அடியின் பிறப்புக்கு இடம்வைத்துப் போகவேண்டும் என்ற அந்த விதி நான் படித்த எந்த நூலிலும் எனக்கு அகப்படாதது. அன்றிரவே அது நிரலில் ஒரு வரியாகச் சேர்ந்தது.

திருத்தருமபுரத்திலே நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் வரலாறு ஒன்று இவ்விடத்திலே என் நினைவை விட்டகலவில்லை. சம்பந்தர் பாடும் பதிகங்களையெல்லாம் தம் யாழிலே இட்டு வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், அவ்வூரிலே பாடப்பட்ட பதிகம் கருவியில் அடங்காமை கண்டு, யாழையே உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தருளினார். யாழ்மூரி என்று அப்பதிகத்துக்குப் பெயர் நிலைத்தது. கருவியின் எல்லைக்கு அப்பால் பாட்டு நிற்கும் என்பதை நம்மவர் அன்றே அறிந்திருந்தனர். அறிந்திருந்தும் யாழைக் கைவிடச் சொல்லவில்லை, இயன்றவரை வாசிக்கவே பணித்தனர். கணினியையும் நான் அவ்விதமே கருதுகின்றேன். மெட்டமைப்பில் அதற்குரிய இடம் கற்பவன் கையிலிருக்கும் பலகையின் இடம்: எழுதலாம், அழிக்கலாம், ஆயிரம் முறை பிழைவிடலாம், எந்த விதி எதைத் தடுக்கின்றது, எது எதை அனுமதிக்கின்றது என்று கண்முன்னே காணலாம். இசையிலக்கணத்தை வாய்பாடாக மனனம் செய்து மறந்துபோகும் நம் மாணவருக்கு அதைவிடச் சிறந்த பாலபாடம் எனக்குத் தெரியவில்லை.

கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. அங்கே கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. மட்டக்களப்புக் கல்லடியிலே அதே பல்கலைக்கழகத்தின் கீழ், சுவாமி விபுலானந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கின்றது. அங்கே சங்கீதம் கற்பிக்கப்படுகின்றது. இரண்டையும் இணைக்கும் கடற்கரைச் சாலை வழியாகச் சில மணி நேரத்தில் சென்றுவிடலாம். இரு இடத்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் நான் வேண்டிக்கொள்வது இது: இந்த மாவட்டத்துக் கோயில்களில் பண்ணோடு தேவாரம் ஓதும் முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; அவர்களுடைய குரலை, ஒவ்வொரு சுரத்தின் வளைவும் அளக்கத்தக்க துல்லியத்தோடு, இந்த ஆண்டிலேயே பதிவுசெய்யத் தொடங்குங்கள். கோணேசர் பதிகத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிரலும், நாற்பது பிடிகளின் அளவுகளும், பிழைகள் உட்பட, கேட்பவர் எவருக்கும் கொடுக்க ஆயத்தமாயிருக்கின்றன.